ஸ வரிசை, ஹ வரிசை

எனக்குக் கோபம் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு முழுக்கக் கேட்டுவிட்டு, இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டினால், ஜூஸ் கடைக்கும் வாடகை சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிற டி.டி.பி. கடை என்னுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நான். கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டை நகலெடுக்க வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் அடிக்க வருவார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்து எங்கள் ஊர் ஜனங்கள் கலெக்டருக்கு மனு அடித்துத் தரச் சொல்லி வருவார்கள். பதினைந்து வருடமாக ஊரார் எழுதியதையெல்லாம் என் விரல்கள் அடித்திருக்கின்றன. டாக்டர் பட்ட ஆய்வேடு மட்டும் ஒன்பது. ஆனால் அன்புச்செல்வி என்கிற என் பேர் வாக்காளர் பட்டியலையும் ரேஷன் கார்டையும் தவிர வேறெங்கும் அச்சானதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷில் ஃபெயில். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். மூன்றாவது தரம் எழுத விடாமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் வீட்டில் ஒரு மருந்து டப்பாவை எடுத்துப் படித்தால், என் நாத்தனார் தனம், "அண்ணி, நீ வேணாம், வேற யாரையாவது படிக்கச் சொல்லு" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் எட்டாவது.

போன ஆடி மாதம் சகாதேவன் சார் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்தார். பெரிய தெருவில் துணிக்கடை மாடியில் பாராமெடிக்கல் கோச்சிங் சென்டர் நடத்துகிறவர். நர்ஸ் வேலைக்கும் லேப் டெக்னீஷியன் வேலைக்கும் படிக்கிற பெண்கள், முக்கால்வாசி தமிழ் மீடியத்தில் படித்த கிராமத்துப் பெண்கள், அவரிடம்தான் போவார்கள். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெண்களிடம் மரியாதையாகத்தான் பேசுவார். சென்டருக்கான கேள்வித்தாள் எல்லாம் பத்து வருடமாக என்னிடம்தான் அடிக்கிறார்.

பாக்ஸைத் திறந்தார். ஸ்வீட் இல்லை. பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தை வெட்டிச் செய்த சீட்டுகள், இருநூற்றுப் பதினான்கு.

"கைடு போடறேன்மா. பொண்ணுங்க டாக்டருங்க பேசற வார்த்தை புரியாம முழிக்குதுங்க. எல்லாம் முன்னொட்டு. வார்த்தைக்கு முன்னாடி வந்து ஒட்டிக்குமே, ஹைப்பர்டென்ஷன்ல ஹைப்பர், அந்த மாதிரி. இத வரிசையா அடுக்கி டைப் பண்ணிக் குடு."

ஒவ்வொரு சீட்டிலும் மேலே பெரிதாகத் தமிழ் எழுத்தில் முன்னொட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ், அதற்கும் கீழே அர்த்தம். மூலையில் கிரேக்கம் என்றால் 'கி', லத்தீன் என்றால் 'ல'. சூப்பர் என்று நாம் எழுதுவதை ஸூப்பர் என்று எழுதியிருந்தார். ஏன் சார் என்று கேட்டேன்.

"ச போட்டா ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி படிக்குதும்மா. வார்டுல போய் நின்னு தப்பா சொன்னா மானம் போயிடும். வடமொழி எழுத்தே இருக்கட்டும்."

சரி என்று வாங்கி வைத்தேன்.

பௌர்ணமி அன்று பஸ்ஸையெல்லாம் வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ரோடு முழுக்க மலை சுற்றுகிற ஜனம். கடைக்குள் ஒருவரும் வரமாட்டார்கள், வந்தாலும் தண்ணீர் கேட்பார்கள். அன்று மத்தியானம் சீட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். அடுக்க ஆரம்பித்தேன்.

இங்கேதான் தப்பு நடந்தது. அவர் நினைத்தது ஏ, பி, சி வரிசை. இங்கிலீஷ் வார்த்தைக்கு வேறென்ன வரிசை? ஆனால் நான் பதினைந்து வருடமாக அடுக்கியதெல்லாம் தமிழ்ப் பட்டியல்கள். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள், மகளிர் குழு உறுப்பினர்கள், மொய் எழுதியவர்கள். சீட்டில் பெரிதாக இருந்தது தமிழ் எழுத்து. கை தானாக அ, ஆ என்று அடுக்கிக்கொண்டே போனது. பாதி தாண்டும்வரை எனக்கே தெரியவில்லை. தெரிந்தபோது, அடச்சே, இனிமேல் கலைக்கவா என்று எரிச்சலில் மிச்சத்தையும் அப்படியே அடுக்கி முடித்தேன்.

தமிழ் வரிசையில் வடமொழி எழுத்துகள் கடைசியில்தான் உட்காரும். ஜ, ஷ, ஸ, ஹ. ஆக, பாக்ஸின் கடைசியில் ஸ சீட்டுகள் ஒரு கட்டு, அடுத்து ஹ சீட்டுகள் ஒரு கட்டு. இடம் போதாமல் ஸ கட்டை ஜெராக்ஸ் மெஷின் மூடிமேல் ஒரு வரிசையாக வைத்தேன். அதன் கீழேயே ஹ கட்டை இன்னொரு வரிசையாக வைத்தேன். சரிபார்ப்பதற்காக ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஸெக்ஸ்டி என்று ஒரு சீட்டு. ஓரத்தில் சார் பென்சிலால் 'சிரிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அர்த்தம் ஆறு. அடுத்து ஸெப்டி, ஏழு. அடுத்து ஸெமி, பாதி.

கீழ் வரிசையைப் பார்த்தேன். ஹெக்ஸா, ஆறு. ஹெப்டா, ஏழு. ஹெமி, பாதி. நடுவில் ஹெட்டெரோ என்று ஒன்று குறுக்கே நின்றது, அதை ஒதுக்கிவைத்தேன். மூன்றும் மூன்றும் நேருக்கு நேர் நின்றன. மேலே ஸ, கீழே ஹ. அதே அர்த்தம், அதே வரிசை. மேலே எல்லாம் மூலையில் ல. கீழே எல்லாம் மூலையில் கி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. மீதியையும் பார்த்தேன். ஸூப்பர் என்றால் மேலே, அதிகமாக. ஹைப்பர் என்றாலும் மேலே, அதிகமாக. ஸப் என்றால் கீழே. ஹைப்போ என்றாலும் கீழே. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள். லத்தீன்காரன் ஸ என்கிற இடத்தில் கிரேக்கன் ஹ என்கிறான். ஒரு வீட்டில் சித்தி என்பதை அடுத்த வீட்டில் சின்னம்மா என்பதுபோல.

ஸின் என்று ஒரு சீட்டு மட்டும் அடம் பிடித்தது. அது ஸ, ஆனால் மூலையில் கி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரி போ, உன்னை அப்புறம் கவனிக்கிறேன் என்று தனியாக வைத்தேன்.

அந்த நேரத்தில் வினோதினி வந்தாள். சார் சென்டரில் படிக்கிற பெண், வேட்டவலம் பக்கம். கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நடந்தே வந்து வேர்த்து நின்றாள். சென்டரை விட்டு நின்றுகொள்வதாக லெட்டர் அடித்துத் தரவேண்டுமாம்.

"எதுக்குடி?"

"முடியலக்கா. இருநூறு முன்னொட்டு மனப்பாடம் பண்ணச் சொல்றாரு. அம்பதுக்கு மேல மண்டையில நிக்க மாட்டேங்குது. நான் நூறு நாள் வேலைக்கே போறேன்."

அவளைப் பிடித்து மெஷின்முன் நிறுத்தி இரண்டு வரிசையையும் காட்டினேன். முதலில் விழித்தாள். பிறகு விரலை வைத்து ஜோடி ஜோடியாகப் படித்தாள். திடீரென்று கத்தினாள்.

"அக்கா! ஸப்க்யூட்டேனியஸ்னு ஒரு ஊசி, ஹைப்போடெர்மிக்னு ஒரு ஊசி. ரெண்டையும் வேற வேறன்னு உருப்போட்டுக்கினு இருந்தேன். ரெண்டும் தோலுக்குக் கீழதானா?"

"எனக்கு ஊசியப் பத்தித் தெரியாது. ரெண்டும் கீழதான்."

"அக்கா, அப்போ பாதி உருப்போட்டா மீதி தானா வருது!"

லெட்டர் அடிக்காமலே போய்விட்டாள். நான் அன்று சாயங்காலமே ஜோடிகளை ஒரு தாளில் அட்டவணையாக அடித்தேன். ஆன்டி-ஆன்டெ, ஆம்ஃபி-ஆம்பி, பெரி-பெர் என்று ஸவும் ஹவும் இல்லாத சில ஜோடிகளும் அகப்பட்டன. அர்த்தம் கொஞ்சம் விலகியவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். பதினோரு ஜோடி. நானாகக் கண்டுபிடித்தவை.

மறுநாள் சார் வந்து ப்ரூஃபைப் பார்த்தார். ப்ரூஃப் என்றால் அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கிற தாள்கள். பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா இது? ஏ எங்க, பி எங்க? ஹைப்பர் கடைசியில கெடக்குது! இங்கிலீஷ் புக்கை யாராவது தமிழ் வரிசையில அடுக்குவாங்களா?"

"தப்புதான் சார். மாத்திடறேன். ஆனா இதைக் கொஞ்சம் பாருங்க." அட்டவணையை நீட்டினேன்.

பார்த்தார். ஒரு நிமிடம்கூட இல்லை. "இது எந்த புக்குல இருக்குது?"

"எந்த புக்குலயும் இல்ல சார். சீட்டுலதான் இருக்குது. நீங்க எழுதின சீட்டு."

"அதெல்லாம் தற்செயல். ப்ளஸ் டூல இங்கிலீஷ் ஃபெயிலாயிட்டு நீ எனக்கு லத்தீன் சொல்லித் தரியா? அடிக்கச் சொன்னதை அடிம்மா."

கடையில் அப்போது இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இரவு முழுக்க அதையே நினைத்துப் பொருமினேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாயிரம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"இவங்க ஸ சொன்னா இன்னா, அவங்க ஹ சொன்னா இன்னா? உனக்கு அதுல இன்னா வருது?"

"நான் கண்டுபுடிச்சேன்ங்க."

"கண்டுபுடிச்சா சோறு வெந்துடுமா?" என்று சிரித்தார். அன்று அவருக்குச் சோறு வேகத்தான் இல்லை. தோசைதான்.

நான்கு நாள் கழித்து வகுப்பில் கதை மாறியது. வினோதினி சும்மா இருக்கிறவளா? தோழிகள் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டாள். வகுப்பில் சார் ஒரு தேர்வு வைத்திருக்கிறார். ஐம்பது தாண்டாத பெண்கள் எழுபது எழுதியிருக்கிறார்கள். சாரே எதிர்பார்க்காத வார்த்தைகளுக்கும் அர்த்தம் எழுதியிருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால், டி.டி.பி. அக்கா ஜோடி என்றிருக்கிறார்கள்.

சார் என்னிடம் நேராக வரவில்லை. ஐந்தாறு நாள் கழித்து ஒரு புரொஃபசரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அருணாதேவி மேடம், கல்லூரி ஒன்றில் இங்கிலீஷ் துறை. காட்டன் புடவை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. அட்டவணையை வாங்கி நிதானமாகப் படித்தார்கள். கேள்விக்குறிகளின் மேல் விரலை வைத்து யோசித்தார்கள்.

"இதை யாருங்க போட்டது?"

"நான்தாங்க மேடம்."

"எங்க படிச்சீங்க?"

"படிக்கல. அடுக்கினேன்."

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாரிடம் திரும்பினார்கள். "சரியாதான் சார் இருக்குது. கிரீக்கும் லத்தீனும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க. அந்தத் தாய்ப் பேச்சுல ஸ இருந்துச்சு. லத்தீன்ல அது அப்படியே நின்னுடிச்சு, கிரீக்ல தேஞ்சு ஹ ஆயிடிச்சு. பாதி, ஆறு, ஏழு, இதெல்லாம் அப்படி வந்ததுதான். ஸூப்பர் ஹைப்பர், ஸப் ஹைப்போ, இவையும் சொந்தம்தான். ஆனா அங்க ஸ தேயல, லத்தீன்ல முன்னாடி வந்து ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. இருநூறு வருஷமா தெரிஞ்ச விஷயம் இது."

"ஸின் மட்டும் ஏங்க மேடம் கிரேக்கத்துல ஸ வச்சிருக்குது?" என்று கேட்டேன். பத்து நாளாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

மேடம் சிரித்தார்கள். "பழைய கிரீக்ல அது க்ஸுன். முன்னாடி க் இருந்ததால ஸ பொழைச்சிக்கிச்சு. நல்ல கேள்வி. என் எம்.ஏ. பசங்க யாரும் கேட்டதில்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார்கூட என்னிடம் நல்ல கேள்வி என்று சொன்னதில்லை.

ஆனால் சார் காதில் வேறு வார்த்தைதான் விழுந்திருந்தது. "இருநூறு வருஷமா தெரிஞ்சதா? பாத்தியாம்மா. நீ புதுசா ஒண்ணும் கண்டுபுடிக்கல. எல்லாம் ஏற்கெனவே இருக்கறதுதான்."

அப்போதுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. என்ன நியாயம் இது? போன வாரம் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் தப்பு. இந்த வாரம் புத்தகத்தில் இருப்பதால் என்னுடையது இல்லை. எப்படிப் போனாலும் எனக்கு வழி கிடையாதா?

"சார், ஊர்ல முன்னாடியே ஒருத்தர் கெணறு வெட்டிட்டாரு. அது தெரியாம நானும் என் நெலத்துல வெட்டினேன். தண்ணி வந்துச்சு. அது என் கெணறு இல்லையா? அந்தப் பொண்ணுங்க குடிச்சது எந்தத் தண்ணி?"

"எதுக்கும்மா எடுத்தெறிஞ்சு பேசற?" என்றார் சார். மேடம் அட்டவணையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசல் தாண்டும்போது மட்டும் திரும்பி, "நான் இருபது வருஷமா ஏ-பி-சி வரிசையிலதான் பாத்தேன். இப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சதில்ல" என்றார்கள்.

மறுவாரம் சார் ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். 'இரண்டு படித்தால் நான்கு தெரியும்! சகாதேவன் ஜோடி முறை!' கூடவே கைடுக்கான நன்றியுரை. கடைசியில் எனக்கு ஒரு குறிப்பு: தமிழ் வரிசையிலேயே அடுக்கி, ஜோடி அட்டவணையையும் சேர்க்கவும். வெள்ளிக்கிழமை சிவகாசிக்குப் போகவேண்டும்.

சகாதேவன் ஜோடி முறை!

நன்றியுரையை அடித்தேன். முதலில் அண்ணாமலையாருக்கு நன்றி. பெற்றோருக்கு, மனைவிக்கு, ஜோடி அட்டவணைக்கு ஆலோசனை வழங்கிய பேராசிரியர் அருணாதேவிக்கு, அச்சகத்தாருக்கு. கடைசி வரியில், 'பிழையின்றித் தட்டச்சு செய்து உதவிய கம்ப்யூட்டர் சென்டருக்கு'. கம்ப்யூட்டர் சென்டராம். அந்த வரியை நானே, என் விரலாலேயே, ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். ஊரார் ஆய்வேடு ஒன்பதை அடித்தபோது வராத வலி அந்த ஒரு வரியில் வந்தது. அவையெல்லாம் அவர்கள் எழுதியவை. இது என்னுடையது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ப்ரூஃபின் முதல் பக்கத்தில் எழுதியவர் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அது இல்லாமல் எந்த அச்சகமும் மெஷினை ஓட்டாது. சார் பத்து வருடமாக எதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறார். அவர் பேருக்குக் கீழே என் பேரைச் சொருகிவிட்டுக் கையெழுத்து வாங்குவது எனக்கு ஒரு நிமிட வேலை. புத்தகம் வந்தபிறகு அவர் என்ன கத்தினாலும் கையெழுத்து கையெழுத்துதான். வியாழக்கிழமை முழுக்க அந்த ஆசை என்னைப் பிடுங்கியது. ஆனால் என்னுடையதை நானே திருடிக்கொள்ள வேண்டுமா? சீச்சீ!

வெள்ளிக்கிழமை காலை சார் வந்தபோது மேஜைமேல் இரண்டு கட்டு இருந்தது.

"இன்னாம்மா ரெண்டு?"

"உக்காருங்க சார். இது நீங்க மொதல்ல கேட்டது. ஏ-பி-சி வரிசை. ஜோடி அட்டவணை கெடையாது, என் பேரும் கெடையாது. ஒரு தப்பு இருக்காது. இதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. இன்னொண்ணு நான் செஞ்சது. தமிழ் வரிசை, ஜோடி அட்டவணை. இதுல மொதல் பக்கத்துல என் பேர் இருக்குது. படிச்சிப் பாத்துட்டு எதுல வேணும்னாலும் கையெழுத்து போடுங்க."

இரண்டாவது கட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தில் 'தொகுத்தவர்: ம. சகாதேவன், எம்.ஏ., எம்.எட்.' அதன் கீழே, அதே அளவு எழுத்தில், 'வரிசையும் ஜோடி அட்டவணையும்: அன்புச்செல்வி'.

"மெரட்றியா?"

"மெரட்டணும்னா ஃபைலை அழிச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன் சார். ரெண்டையும் உங்க முன்னாடி வச்சிட்டுதான பேசறேன்."

"பத்து வருஷமா உன் கடையத் தவிர வேற எங்கயும் போனதில்ல. அந்த நன்றி இல்லையே உனக்கு. நெனச்சா நான் பஸ் ஸ்டாண்டுல குடுத்து அடிச்சிக்க முடியாதா?"

"தாராளமா அடிச்சிக்கலாம். ஏ-பி-சி கட்டை எடுத்துக்கினு போங்க. சீட்டு உங்களுது. ஜோடிய யாராவது வெளக்கச் சொன்னா நீங்களே வெளக்கிடுங்க. ஸின் ஏன் ஹின் ஆகலன்னு வினோதினி கேட்டுக்கினு இருக்கறா."

அன்று மேடம் சொன்னபோது அவர் கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஊர் முழுக்க நோட்டீஸ் வேறு ஒட்டியாகிவிட்டது.

சார் குரலைத் தணித்தார். "இங்க பாரு அன்பு. பேரு போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இது படிச்சவங்க வாங்கற புக்கு. என் பேருக்குப் பின்னாடி ரெண்டு டிகிரி. உன் பேருக்குப் பின்னாடி இன்னா போடறது? பாக்கறவன் சிரிக்க மாட்டானா? நன்றியில பேரச் சேத்துடறேன். பெருசாவே போடறேன்."

"நன்றி யாருக்கு சார் சொல்லுவாங்க? கூட மாட உதவினவங்களுக்கு. நான் உதவல. நான் செஞ்சேன். சிரிக்கறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். எனக்கு அது பழக்கம்தான். பின்னாடி ஒண்ணும் போட வேணாம்."

சார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். ஜோடி அட்டவணைப் பக்கத்தை எடுத்து முதன்முறையாக மேலிருந்து கீழே முழுசாகப் படித்தார். உதடு அசைந்தது. ஸெமி, ஹெமி. ஸெப்டி, ஹெப்டா. என் கேள்விக்குறிகளில் ஒன்றின்மேல் நிறுத்தி, "இது ஏன் சந்தேகம்?" என்றார்.

"பெரின்னா சுத்தி, பெர்னா ஊடால. சொந்தம்தான்னு தோணுது. அர்த்தம் வெலகுது. தெரியாததத் தெரியும்னு போட எனக்கு மனசு வரல."

அவர் தலையை ஆட்டினார். ஏ-பி-சி கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் பக்கத்தை எடுத்து வைத்து, மூடியைத் திறந்து, நிறுத்திவிட்டார்.

"இனிஷியல் விட்டுட்டியேம்மா. சொல்லு, நான் எழுதிடறேன். அப்பா பேரா, வூட்டுக்காரர் பேரா?"

நான் இதை யோசித்திருக்கவில்லை. வாய் திறந்துகூட விட்டேன். அப்பா அப்பாதுரை என்றால் அ. வீட்டுக்காரர் கண்ணாயிரம் என்றால் க. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் கையெழுத்து விழுந்துவிடும்.

"ரெண்டும் வேணாம் சார்."

"வேணாமா? இனிஷியல் இல்லாம எப்படிம்மா? பேரு மொட்டையா நிக்குமே."

"சீட்டு அடுக்கும்போது அவங்க ரெண்டு பேரும் இங்க இல்ல சார். நான் மட்டும்தான் இருந்தேன். மொட்டையாவே நிக்கட்டும். கையெழுத்து போடுங்க."